நடுவரின் பயிற்சித் துணை

எங்கள் ஊரில் ஒரெஸ்ட் கொவாலைத் திட்டாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். பாதிரியாரே ஒரு தடவை திட்டியிருக்கிறார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அதற்கு மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரெஸ்ட் ஆஃப்சைடு என்று விசில் ஊதியது ஆஃப்சைடே இல்லை என்பதில் மட்டும் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

ஒரெஸ்டுக்கு நாற்பத்தொன்பது வயது. பகலில் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவார். குளிர்காலத்தில் வாரம் இரண்டு ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்கு நடுவராக இருப்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். மனைவி பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவரை விட்டுக் கால்கரி என்ற ஊருக்குப் போய்விட்டாள். ஆட்டம் முடிந்தால் ஜெயித்தவனும் தோற்றவனும் ஒன்றாகக் குடிக்கப் போவார்கள். ஒரெஸ்ட் மட்டும் நடுவர் அறைக்குப் போவார். அது ஒரு காலத்தில் துடைப்பம் வைத்திருந்த அறை. துடைப்பங்கள் இன்னமும் அங்கேதான் இருந்தன.

நான் அந்த அரங்கத்தில் ஐஸ் தரையை வழித்துச் சமன் செய்யும் வண்டியை ஓட்டுகிறவன். பெயர் வேர்ன். ஆட்டம் முடிந்ததும் ஒரு காப்பிக் கோப்பையை அந்த அறை வாசலில் வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவேன். உள்ளே போய்ப் பேசக் கூடாது. என் தங்கை மகன் எங்கள் ஊர் அணியில் விளையாடுகிறான். அதனால் விதிப்படி நான் ஒரு தரப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் நானும் ஒரெஸ்டும் பேசிக்கொண்டதெல்லாம் குளிரைப் பற்றித்தான். குளிருக்குத் தரப்பு கிடையாது.

நடுவர்களுக்கு விதி எழுதுவது நகரத்தில் இருக்கும் வட மண்டல நடுவர் மேம்பாட்டு மன்றம். மூன்று வருஷத்துக்கு முன் மண்டலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நடுவர்கள் இருந்தார்கள். வசவு தாங்காமல் ஒவ்வொருவராக விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அறுபத்தொரு பேர் மிஞ்சினார்கள். நடுவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று மன்றம் இரண்டு வருஷம் ஆராய்ந்தது. ஓடுபவர்களுக்கு உடற்தகுதி போதவில்லை என்று கண்டுபிடித்தது.

ஆகஸ்டு மாதம் எல்லோரையும் நகரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரெஸ்ட் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். மன்றத்தின் இயக்குநர் பிரென்ட் லாக்கர்பி மேடையில் பேசினார்.

"ஜனங்க திட்டுறாங்கன்னு சொல்றீங்க. திட்டத்தான் செய்வாங்க. அவங்களை மாத்த மன்றத்துக்கு நிதி இல்லை. உங்களை மாத்த நிதி இருக்கு. தொடையில பலம் இருக்கிறவனுக்கு வசவு உறைக்காதுன்னு ஆய்வு சொல்லுது. ஆய்வை நாங்களேதான் பண்ணினோம். அதனால நம்பலாம். இந்த வருஷத்துலேர்ந்து எல்லாருக்கும் பத்து வார உடற்பயிற்சி, ஸ்கேட்டிங் மேம்பாடு, முடிவுல தேர்வு. தேறாதவங்க விசில் ஊத முடியாது. ஆள் குறையுமேன்னு சிலர் கவலைப்படுறாங்க. குறையட்டும். போன மூணு வருஷத்துல நூத்தம்பது பேர் போனதுல நம்ம சராசரி உடற்தகுதி முப்பது சதவீதம் ஏறியிருக்கு."

கைதட்டினார்கள். ஒரெஸ்ட் கையைத் தூக்கினார்.

"எங்க ஊர்ல அக்டோபர் பாதி வரைக்கும் ஐஸ் போட மாட்டாங்க, சார். ஸ்கேட்டிங் பயிற்சி செப்டம்பர்லயே தொடங்கணும்னு போட்டிருக்கீங்களே."

"நல்ல கேள்வி" என்றார் லாக்கர்பி. "ஐஸ் இல்லாமலே ஸ்கேட்டிங் பண்ணப் பழகினவன், ஐஸ் இருந்தா எவ்வளவு நல்லாப் பண்ணுவான்? அதை யோசிச்சுத்தான் வெச்சிருக்கோம்."

அதை அப்போதுதான் யோசித்தார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டார்கள்.

கையேடு முப்பத்தொரு பக்கம். அதில் ஒன்பதாம் விதிதான் ஒரெஸ்டின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒவ்வொரு நடுவரும் ஒரு பயிற்சித் துணையோடுதான் பயிற்சி செய்ய வேண்டும். துணை தினமும் நாடித்துடிப்பை எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துணை எந்த அணிக்கும் ஆட்டக்காரராகவோ, ஆட்டக்காரரின் உறவினராகவோ, நன்கொடையாளராகவோ இருக்கக் கூடாது. கடந்த ஐந்து வருஷத்தில் எந்த ஆட்டத்தைப் பற்றியும் கருத்துச் சொல்லியிருக்கவும் கூடாது.

எண்ணூறு பேர் வாழும் ஊரில், ஜனவரியில் மைனஸ் முப்பத்தைந்தில், ஹாக்கியைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் ஒருவன் வேறு எதைப் பற்றிச் சொல்வான்? டாக்டர்தான் அணிக்கும் டாக்டர். சவப்பெட்டிக்காரர்தான் அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கிறார். ஒவ்வொருவன் முதுகிலும் அவர் கடைப் பெயர் இருக்கிறது. பாதிரியாரின் கருத்து ஊரறிந்தது. ஒரெஸ்ட் வீடு வீடாகப் போனார். இருபத்திரண்டு வருஷமாக யாருடனும் பழகாதவர் திடீரென்று வாசலில் வந்து நின்று, "உங்களுக்கு ஹாக்கி பிடிக்குமா?" என்று கேட்டதும் ஜனங்கள் பயந்துபோனார்கள். பிடிக்கும் என்றவர்களிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அதில் இன்னும் பயந்துபோனார்கள்.

மன்றத்திடம் தொலைபேசியில் கேட்டார். லாக்கர்பியே பேசினார்.

"தனியாப் பயிற்சி பண்றது மனசுக்குக் கெடுதல், ஒரெஸ்ட். அதனால கூட ஆள் வேணும். யாரோடவும் பழகுறது நடுநிலைக்குக் கெடுதல். அதனால ஆள் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கத் தெரிஞ்சவனைத்தான் நடுவர்னு சொல்றோம்."

கடைசியில் நூலகத்துக்குப் போனார். அங்கே இவெத் லாவல்லே என்ற பெண் ஆறு மாதத்துக்கு முன் வேலைக்கு வந்திருந்தாள். தெற்கே பிரெஞ்சு பேசுகிற ஊர்க்காரி. நாற்பத்தாறு வயது, தனியாள். அந்த நூலகத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் குளிர் காய வருகிறவர்கள்.

"ஹாக்கியைப் பத்தி ஏதாவது கருத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் ஒரெஸ்ட்.

"எனக்கு அஞ்சு அண்ணனுங்க. அஞ்சு பேரும் ஒரு காலத்துல ஆடினாங்க, இப்ப யாரும் ஆடுறதில்லை. அவங்க வேர்வைத் துணியைத் துவைச்சுத் துவைச்சு எனக்கு அந்தப் பேச்சே வெறுத்துப்போச்சு. இருபது வருஷமா ஒரு ஆட்டம் பார்க்கலை. எந்த ஊர்ல எந்த அணி இருக்குன்னுகூடத் தெரியாது. ஏன், அது குத்தமா?"

ஒரெஸ்ட் உடனே பயிற்சித் துணைக்கான படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் முழுவதும் படித்தாள். அந்த ஊரில் அவளிடம் யாராவது எதையாவது படிக்கக் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாளாம்.

செப்டம்பர் முழுவதும் மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் பயிற்சி நடந்தது. ஒரெஸ்ட் கம்பளிக் காலுறையோடு வழவழத்த தரையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வழுக்கிக்கொண்டு போவார். இவெத் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கையேட்டைப் படிப்பாள். நான் வெந்நீர்க் குழாயைப் பழுது பார்க்கப் போனபோது ஒருநாள் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"'முழங்காலை நன்றாக வளைக்கவும். ஆனால் பணிவு தெரியக் கூடாது.' இதுக்கு என்ன அர்த்தம், மிஸ்டர் கொவால்?"

"தெரியலைங்க. நான் வளைக்கிறேன். பணிவு தெரிஞ்சாச் சொல்லுங்க."

"கொஞ்சம் தெரியுது."

"இப்ப?"

"இப்ப வலிக்கிற மாதிரி தெரியுது."

ஒரெஸ்ட் சிரித்தார். அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. வெந்நீர்க் குழாய்தான் மறுபடி உடைந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அக்டோபரில் ஐஸ் போட்டேன். மதியச் சாப்பாட்டு வேளையில் இருவரும் வருவார்கள். ஒரெஸ்டுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. வேகமாகப் போகும்போது வலது பக்கம் திரும்பி மட்டும்தான் அவருக்கு நிற்க வரும். இடது பக்கம் வராது. இருபத்திரண்டு வருஷமாக இடது பக்கம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வலது பக்கமே நின்று சமாளித்திருக்கிறார். ஊரே திட்டியும் இதை யாரும் கவனித்ததில்லை. இவெத் இரண்டாம் நாளே கவனித்துவிட்டாள்.

"இடது காலை நீங்க நம்பலை" என்றாள்.

விழுந்தார், எழுந்தார். மூன்று வாரம் இடுப்பில் நீலம் பாரித்திருந்தது. பின்பக்கமாக ஓடுவது, குந்தி எழுவது, கோட்டுக்குக் கோடு போய்த் திரும்புவது எல்லாவற்றுக்கும் அவள் எண்ணிச் சொன்னாள், பிரெஞ்சில். கடைசியில் அவருக்குப் பிரெஞ்சில் நூற்றிருபது வரை எண்ணவும் இடது பக்கம் நிற்கவும் ஒரே வாரத்தில் வந்தது. பயிற்சி முடிந்ததும் காலி இருக்கைகளில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பட்டாணி சூப்பைக் குடிப்பார்கள். அவர் கொண்டுவரும் கோஸ் உருண்டைகளை அவள் ஒன்று விடாமல் சாப்பிடுவாள். எனக்கும் ஒன்று கொடுக்க வந்தாள். நான் ஒரு தரப்பு, வேண்டாம் என்றேன்.

இடையில் மன்றத்திலிருந்து ஒரு விசாரணைக் கடிதம் வந்தது. பதிவேட்டின்படி ஓடும்போது நடுவரின் நாடித்துடிப்பு நூற்றுப் பத்து, ஓய்வில் உட்கார்ந்திருக்கும்போது நூற்று இருபத்தெட்டு. இது எப்படி? ஓய்வின்போது துணை எங்கே இருந்தார் என்று விளக்கவும்.

ஒரெஸ்ட் பொய் எழுதத் தெரியாதவர். "பக்கத்தில்" என்று எழுதி அனுப்பினார்.

நவம்பர் தொடக்கத்தில் நகரத்தில் தேர்வு நடந்தது. நாற்பது பேர் வந்தார்கள். தேறியது ஒரெஸ்ட் ஒருவர்தான். மற்றவர்களை உடனே விலக்கினால் மண்டலத்தில் ஹாக்கியே நின்றுவிடும் என்பதால் வராதவர்களும் தேறாதவர்களும் "தேர்ச்சிக்கு முந்தைய நிலையில் உள்ளவர்கள்" என்று அறிவிக்கப்பட்டார்கள். ஒரெஸ்டுக்குக் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்த மாதம் இரண்டாவது ஞாயிறு எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊர் கார்லினுக்கும் ஆட்டம். தான் பத்து வாரம் எண்ணி எண்ணி வளர்த்த கால்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க இவெத் டிக்கெட் வாங்கி வந்தாள். இரண்டாம் பகுதியில் எங்கள் பையன் ஒருவன் கார்லின்காரனின் காலைக் கழியால் வாரினான். ஒரெஸ்ட் இடது பக்கம் சடாரென்று நின்று விசில் ஊதி இரண்டு நிமிடம் வெளியே என்றார். நான்கு பக்கமும் ஊளையிட்டார்கள். "கண்ணு பொட்டையாடா, வரிக்குதிரை!" என்றான் சவப்பெட்டிக்காரரின் மகன், நடுவரின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையைப் பார்த்து.

அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒருவர் மட்டும் கை தட்டுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவெத் எழுந்து நின்று, "சரியான முடிவு, மிஸ்டர் கொவால்" என்றாள்.

அரங்கம் அடங்கிவிட்டது. கட்டி முப்பத்துநான்கு வருஷமான அந்தக் கட்டடத்தில் நடுவருக்கு யாரும் கை தட்டியதில்லை. ஒரெஸ்ட் ஐஸ் நடுவில் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். அதை எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு.

மறுநாளே கார்லின் அணி, நடுவருக்குக் கை தட்ட ஆள் இருக்கிறது என்று மன்றத்துக்குப் புகார் எழுதியது. எங்கள் அணியும் எழுதியது. இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். விசாரணைக்கு லாக்கர்பியே எங்கள் ஊருக்கு வந்து, அரங்கத்தின் தின்பண்டக் கடைக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்தார். கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

"நடுவருக்கு ஆதரவாளர் இருக்கலாமா கூடாதான்னு விதியில எங்கேயும் இல்லை. ஏன்னா இதுவரைக்கும் யாருக்கும் இருந்ததில்லை. இப்ப நாங்க ஒரு குழு போட்டுப் பார்த்தோம். நடுநிலைன்னா என்ன? ரெண்டு பக்கமும் சமமா வெறுக்கணும். அதுதான் நடுநிலை. அந்தச் சமநிலையை இருபத்திரண்டு வருஷமா இவர் அருமையாக் காப்பாத்தினார். இந்தம்மா கை தட்டி அதைக் கெடுத்துட்டாங்க."

"முடிவு சரியா இருந்துச்சே" என்றாள் இவெத்.

"அது வேற விஷயம். சரியா தப்பான்னு நாங்க பார்க்கிறதில்லை. தொடை பலம்தான் எங்க துறை."

தீர்ப்பு இதுதான். மார்ச் கடைசி வரை இருவரும் பேசவோ, எழுதவோ, சைகை காட்டவோ கூடாது. மீறினால் ஒரெஸ்டின் சான்றிதழ் ரத்து. இவெத் ஆட்டம் பார்க்க வரலாம். சாதாரணப் பார்வையாளர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடந்துகொள்ள வேண்டும். அதைக் கவனிக்க ஒரு கண்காணிப்பாளர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவார்.

லாக்கர்பி கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டினார், ஒரெஸ்ட் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"போடுங்க, மிஸ்டர் கொவால்" என்றாள் இவெத். "உங்ககிட்ட இருக்கிறது இந்த விசில் ஒண்ணுதான். அதையும் நான் பறிச்சுட்டுப் போக மாட்டேன்."

போட்டார். அன்றிலிருந்து சூப்பும் கிடையாது, கோஸ் உருண்டையும் கிடையாது. நூலக வாசலில் அவர் வண்டி மெதுவாகப் போகும், நிற்காது. ஆட்டம் முடிந்து நான் காப்பி வைத்துக் கதவைத் தட்டினால் முன்பெல்லாம் உள்ளிருந்து ஒரு செருமல் கேட்கும். இப்போது அதுவும் இல்லை. பெரும்பாலும் காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு இவெத் மறுபடி வந்தாள். மூன்றாவது வரிசை. கண்காணிப்பாளர் இரண்டு இருக்கை தள்ளி, சூடேற்றும் மெத்தை போட்டு உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரெஸ்ட் விசில் ஊதினார். ஊளை எழுந்தது. இவெத்தும் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினாள்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலைங்களா, மிஸ்டர் கொவால்?"

ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். ஒரெஸ்டை மரியாதை போட்டு யாரும் திட்டியதில்லை. கண்காணிப்பாளர் திருப்தியோடு குறித்துக்கொண்டார். ஒரெஸ்ட் தலையைத் திருப்பவில்லை. ஆனால் அடுத்த முறை ஓடும்போது அவர் முழங்கால் நன்றாக வளைந்தது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். மற்றவர்கள் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு நன்றாகத் தேறிவிட்டாள்.

"நாலு நாளா இருமிக்கிட்டே எடை போடுற ஆளுக்கு விசில் ஒரு கேடா? டாக்டரைப் பார்க்கத் துப்பில்லை!"

மறுவாரம் ஒரெஸ்ட் இருமவில்லை.

"புது டயர் மாத்தத் தெரியாதவன் எல்லாம் நடுவர்! அந்த வழுக்கை டயரோட கார்லின் ரோட்டுல போனா உருப்பட்ட மாதிரிதான்!"

புது டயர் வந்தது. ஊரில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது. சவப்பெட்டிக்காரரின் மகன் அவளுக்குத் தன் கம்பளியைக் கொடுத்தான். "அக்கா வாயைத் திறந்தா அந்த ஆளு செத்தான்" என்றான். மன்றத்தின் பிப்ரவரி அறிக்கையில், எங்கள் அரங்கத்தில் பார்வையாளர் சமநிலை முழுமையாக மீட்கப்பட்டது என்று எழுதினார்கள். ஒரெஸ்டால் பதில் சொல்ல முடியாது. பார்வையாளருக்கு நடுவர் பதில் பேசக் கூடாது என்பது பழைய விதி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஓடினார். வாரம் முழுவதும் அவரிடம் யாராவது பேசிய பேச்சு என்றால் அதுதான்.

மார்ச் மூன்றாம் ஞாயிறு, கடைசிக்கு முந்தைய ஆட்டம். மூன்றாம் பகுதி பாதியில் ஒரெஸ்ட் எதையோ ஆஃப்சைடு என்றார். இவெத் எழுந்தாள். அன்று குரல் சரியில்லை.

"இனிமே உங்க மூஞ்சியில முழிக்க வேண்டியதில்லை! நூலகத்தை மூடுறாங்க! வெள்ளிக்கிழமை காலையில ஊருக்குக் கிளம்புறேன்! நிம்மதியா இருங்க!"

ஜனங்கள் இருக்கைகளையும் பலகைகளையும் தட்டி ஆரவாரித்தார்கள். அந்த வருஷத்தின் சிறந்த வசவு என்றார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. பந்துக்குப் பதிலாக இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரெஸ்ட் விசில் ஊதினார். ஆட்டக்காரர்கள் நின்றார்கள். யார் மேல் குற்றம் என்று இரண்டு பயிற்சியாளர்களும் கேட்டார்கள். ஒரெஸ்ட் நேராகப் போய் மூன்றாவது வரிசைக்கு எதிரே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றார். வரம்பு மீறித் திட்டும் பார்வையாளரை வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் உண்டு. கையை நீட்டி இவெத்தைக் காட்டினார், பிறகு வாசலைக் காட்டினார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பிறகு ஒரெஸ்ட் ஆட்டக் கணக்கு எழுதுகிறவரின் ஜன்னலுக்குப் போனார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். ஆட்டத்திலிருந்தே நீக்கம் என்பதற்கு அதுதான் சைகை.

"யாரை?" என்றார் எழுதுகிறவர். "எத்தனாம் நம்பர்?"

"நம்பர் இல்லை. ஒரெஸ்ட் கொவால். நடத்தை சரியில்லை."

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஐஸை விட்டு வெளியேறினார். கண்காணிப்பாளர் எழுந்து, நடுவர் தன்னைத்தானே வெளியேற்றிக்கொள்ள எந்த விதியில் இடம் இருக்கிறது என்று கையேட்டைப் புரட்டினார். ஜனங்களுக்கு இதற்குத் திட்டுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. முதலில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

நான் என் வண்டியை விட்டு இறங்கிப் பின்கதவு வழியாகப் பார்த்தேன். ஸ்கேட் கத்திகளோடு அவர் உறைந்த மண்ணில் தடுமாறித் தடுமாறி அவள் காரிடம் போய்ச் சேர்ந்தார். மைனஸ் இருபத்தெட்டு. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவர் ஸ்கேட் உயரத்தில் அவளைவிட ரொம்ப உயரமாக இருந்தார், அதனால் குனிந்து நின்றார். நான்கு மாதம் திட்டியே பழகிவிட்டது அவளுக்கு. கேட்டே பழகிவிட்டது அவருக்கு. சாதாரணமாக எப்படித் தொடங்குவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவள்தான் பேசினாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம வந்து நிக்கிறீங்க."

"இல்லைதான்" என்றார் ஒரெஸ்ட். "உள்ள ஏறட்டுமா?"

அவள் கதவைத் திறந்துவிட்டாள். கண்ணாடிகளில் ஆவி படிந்துவிட்டது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. தரை வழிக்க நேரமாகிவிட்டது. உள்ளே போனால் ஐஸ் மேல் ஆட்டக்காரர்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள், யாராவது விசில் ஊதுவார்களா என்று பார்த்துக்கொண்டு.